இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு ஜாயின்ட்டுகள்

எங்கள் லேஅவுட்டின் வாட்ஸ்அப் குழுவில் அறிவுச்செல்விக்கு ‘முகூர்த்தம் கெடுத்த மேடம்’ என்று பெயர். நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் சாலையில் நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட லேஅவுட் அது. பதினேழாம் எண் வீட்டை என் அம்மா சௌந்திரத்துக்காக நான் ஜெர்மனியில் இருந்தபடியே வாங்கினேன். அந்தப் பெயரை யாரோ குழுவில் போட்ட அன்று, அதற்குக் கீழே சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை நானும் ஒட்டினேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது. நடந்தது என்ன என்பதை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அம்மாவிடமும், அறிவுச்செல்வியிடமும், அவருடைய ஃபிட்டர் அம்மாசியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவர் சொன்னதும் ஒத்துப்போனது. குழுவில் ஓடும் கதைதான் வேறு.

அறிவுச்செல்விக்கு நாற்பத்து நான்கு வயது. அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மகளைச் சேலத்தில் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் படிக்க வைத்தார். வகுப்பில் இரண்டே பெண்கள், மற்றவள் மூன்றாம் மாதமே நின்றுவிட்டாள். படிப்பு முடிந்து பம்ப் கம்பெனி, பாய்லர் சோதிக்கும் கம்பெனி என்று மாறி மாறி இருந்துவிட்டு, ஊருக்குக் குழாய் எரிவாயு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே சேலத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தார். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கும் கணவர் இனியன், ‘வீட்டுக்கு வீடு சிலிண்டர் இருக்கும்போது குழாய்க்கு யார் வருவார்கள்’ என்று கேட்டாராம். இன்று டயர்க்கடை மாடியில் ஒற்றை அறை, வாசலில் ஒரு போர்டு, போர்டில் எரிவாயு நிறுவனம் கொடுத்த பதிவு எண். அந்த எண் இருந்தால்தான் ஒரு வீட்டுக் குழாய் பத்திரமானது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட முடியும். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த வீட்டுக்கும் கேஸ் திறந்துவிட மாட்டார்கள்.

கையெழுத்து கடைசி வேலை. அதற்கு முன்னால் ஒரு மாமாங்க வேலை இருக்கிறது. சாலையின் குறுக்கே குழாய் போக நகராட்சி அனுமதி, அது மாநிலச் சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறை அனுமதி, குடிதண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று யாருக்குமே தெரியாத வரைபடம், வீட்டுக்காரர் சம்மதக் கடிதம். சம்மதக் கடிதம் வாங்குவதுதான் இதில் கடினம் என்பார் அறிவுச்செல்வி. மீட்டர்ப் பெட்டியை ஈசானி மூலையில் வைத்தால் வீடு விளங்காது என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அதனால் முதல் வேலையாகக் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். அவர்களே சுற்றிப் பார்த்து இடம் சொன்னால் பிறகு சண்டை வராது.

அம்மாசி திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். ராஜஸ்தான் மணலிலும் தெலங்கானா பாறையிலும் போர் போட்டவர். கம்ப்ரசர் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. ஆகவே அவர் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். முழங்கால் ஒத்துழைக்காமல் ஊர் திரும்பியவரை அறிவுச்செல்வி தன்னோடு சேர்த்துக்கொண்டார். அவர் கையால் மரை முடுக்கிய குழாய் சொட்டாது என்பது ஊரறிந்த விஷயம். அறுநூறு அடி ஆழத்தில் மோட்டாரைத் தொங்கவிடும் குழாய்களை இணைத்த கை அது.

அந்தக் கைக்கு ஒரு முறைதான் அவமானம் நேர்ந்தது. எங்கள் லேஅவுட் சோதனைக்குப் பத்து மாதம் முன்பு சேலத்தில் ஒரு விடுதிச் சமையலறையில், எரிவாயு நிறுவனத்து அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஜாயின்ட்டில் காற்று கசிந்தது. பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதிகாரியுடன் வந்த ஒருவர், லேடி கான்ட்ராக்டர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். அம்மாசியின் செவிட்டுக் காதுக்கு அன்றைக்கென்று அது கேட்டுவிட்டது. அறிவுச்செல்விக்குக் கேட்கவில்லை. இனி இந்தப் பெண்ணுக்குத் தன்னால் ஒரு சொல் வரக்கூடாது என்று மனதுக்குள் முடிவெடுத்து, அம்மாசி அடுத்த நாளிலிருந்து தன் வேலை முறையை மாற்றிக்கொண்டார். மாற்றியதை அறிவுச்செல்வியிடம் சொல்லவும் இல்லை.

எங்கள் லேஅவுட்டில் அறிவுச்செல்வி எடுத்த குழாய் வேலை ஆடி மாதக் கடைசியில் முடிந்தது. வீடுகளைக் கட்டியவர் கலைமணி. நான்கு லாரி வைத்திருந்து, விற்று, மனை வாங்கி வீடு கட்டும் தொழிலுக்கு வந்தவர். ஆவணியில் ஒரே முகூர்த்தத்தில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் புதுமனை புகுவிழா என்று ஏற்பாடு செய்திருந்தார். ஒரே பந்தல், ஒரே சமையல்காரர், நான்கு ஐயர்கள். ஒன்றரை மணி நேர முகூர்த்தத்தில் ஆளுக்குப் பத்து வீடு எப்படி முடிப்பது என்று ஐயர்கள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள். நாற்பத்திரண்டு சமையலறையிலும் குழாய் கேஸில் பால் காய்ச்சிப் பொங்க வேண்டும். அதை அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு அறிவுச்செல்வி சோதனைக்கு வந்தார். குழாய்க்குள் காற்றை ஏற்றி அடைத்து, அழுத்தம் காட்டும் கேஜில் ஊசி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. காலையில் ஏற்றிய காற்று மதியம் வரை ஒரு வீட்டிலும் இறங்கவில்லை. இருபத்தொன்பதாம் எண் வீட்டில், சமையல் மேடைக்குக் கீழே கையை விட்டு ஜாயின்ட்டைத் தடவியவரின் விரலில் முடி போல ஏதோ ஒன்று சிக்கியது. இழுத்துப் பார்த்தார். சணல் நார். முகர்ந்தார். பெயின்ட் வாசம்.

அம்மாசியைக் கூப்பிட்டு நாரைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அம்மாசிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“நாருதான் அம்மிணி. டேப்புக்கு அடியில சணலு, மேல வெள்ளப் பெயின்ட்டு. வெறும் டேப்பு சுத்துனா அது பொட்டப்புள்ளைக்கு ரிப்பன் கட்டுன மாதிரி. இது பூமியே ஆடுனாலும் ஒழுவாது.”

“எல்லா ஊட்டுலயுமாங்கண்ணா?”

“ஒண்ணு உடாம.”

போர்க்குழாய்க்கு அதுதான் வைத்தியம். தண்ணீர் சணலை நனைத்துக்கொண்டே இருக்கும், நனைந்த சணல் உப்பி மரையை அடைத்துக்கொள்ளும். ஆனால் குழாய் கேஸில் ஈரம் என்பதே கிடையாது. மாதக்கணக்கில் ஓடும்போது சணலில் இருக்கும் ஈரத்தையும் எண்ணெயையும் அதுவே உறிஞ்சிவிடும். சணல் சுருங்கும், வழி உண்டாகும். அதனால்தான் சணல் வைக்கவே கூடாது என்று விதி. சேலத்துப் பயிற்சி வகுப்பில் அப்படி ஒரு ஜாயின்ட்டைக் குறுக்கே அறுத்துக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே காய்ந்த புல் மாதிரி இருந்ததாம். இதையெல்லாம் அவர் தரையில் உட்கார்ந்தபடியே அம்மாசிக்கு எடுத்துச் சொன்னார். அம்மாசி கேஜைக் காட்டினார். ஊசி அசையவில்லையே என்றார்.

“ஊசிக்கு இன்னைக்கு நடக்கறதுதானுங்கண்ணா தெரியும்” என்றார் அறிவுச்செல்வி.

வீட்டுக்கு ஏழு ஜாயின்ட். நாற்பத்திரண்டு வீட்டுக்கு இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஒவ்வொன்றையும் கடைசி முனையிலிருந்து வரிசையாகக் கழற்றி, மரையைச் சுரண்டி, சரியான டேப் மட்டும் சுற்றித் திரும்ப முடுக்கி, மறுபடி காற்று ஏற்றிப் பார்க்க வேண்டும். எத்தனை ஆள் போட்டாலும் மூன்று வாரம் ஆகும்.

அன்று சாயங்காலம் கலைமணி அறிவுச்செல்வியின் மாடி அறைக்கே வந்துவிட்டார். முதலில் மேடம் என்றுதான் ஆரம்பித்தார். கேஜ் நின்றதா இல்லையா என்று கேட்டார். நின்றது என்று இவர் ஒப்புக்கொண்டார். பிறகென்ன தடை என்று கேட்டார். சணல் என்றார் இவர். ‘நான் கேட்டது கேஜைப் பற்றி, நீங்கள் சொல்வது சணலைப் பற்றி’ என்று அவர் கோர்ட்டில் வக்கீல் கேட்பதுபோலக் கேட்டார். மூன்று மாதம் கழித்து வீடு வீடாக வந்து சோதித்துக்கொள்ளலாம் என்றார். இவர் தலையை ஆட்டவில்லை. மேடம் அப்போது அம்மிணியாக இறங்கியது.

“ஏனுங்க அம்மிணி, நாமக்கல்லுல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தருதான்னு நெனச்சுக்கிட்டீங்களா? கூப்புட்டா பத்துப் பேரு பேனாவத் தொறந்துக்கிட்டு வருவானுங்க.”

“வரட்டுங்கண்ணா. அவங்களையே போடச் சொல்லுங்க. ஆனா இதைப் பாத்தவ நானு. பாத்ததை எழுதாம இருக்க மாட்டன்.”

கலைமணி போனதும் போன் அழைப்புகள் தொடங்கின. வீட்டுக்காரர்கள் இருபத்தாறு பேர் அறிவுச்செல்வியைக் கூப்பிட்டார்கள். இருபத்தேழாவது நான். அம்மா தனியாக இருக்கிறாள் என்பதால் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்து சிலிண்டர் திருகை மூடினாயா என்று கேட்கும் ஆள் நான். பக்கத்து வீட்டுக்காரர் எண், தீயணைப்பு நிலைய எண் எல்லாவற்றையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டச் சொன்னவன். அப்படிப்பட்டவன்தான் அன்றைக்கு அறிவுச்செல்வியிடம் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினேன். சோதனையில் தேறிய குழாயைத் தேறவில்லை என்று சொல்வது எந்த நாட்டிலும் இல்லாத வழக்கம் என்றேன். முகூர்த்தத்துக்கு லீவு போட்டு வர முடியாதவன், வீடியோவிலாவது பால் பொங்குவதைப் பார்க்க நினைக்கிறேன் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தமிழில், நான் எந்த மாதம் ஊருக்கு வருகிறேன் என்று விசாரித்தார். ஜனவரி என்றேன்.

“அதுவரைக்கும் அந்த ஊட்டுல உங்கம்மா மட்டுந்தானுங்களே?”

நான் இணைப்பைத் துண்டித்தேன். கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் பிறகு அந்த மஞ்சள் முகம்.

நான்காம் நாள் எரிவாயு நிறுவனத்தின் பகுதிப் பொறியாளர் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசுபவர் என்று அறிவுச்செல்வியே சொன்னார். சணல் விதிக்குப் புறம்பானது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் சோதனை தேறிவிட்டது, விழாவும் நெருங்கிவிட்டது, கலைமணியிடம் ஓர் உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கொடுத்துவிடலாம், எல்லாருக்கும் நல்லது என்றார். கையெழுத்துப் போட முடியாது என்று பிடிவாதம் பிடித்தால் வேறு கான்ட்ராக்டரை அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

அறிவுச்செல்வி பையிலிருந்து அறிக்கைப் புத்தகத்தை எடுத்தார். வரிசை எண் அச்சிட்ட, மூன்று பிரதி விழும் புத்தகம். கேஜ் அளவு சரி என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில், இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு ஜாயின்ட்டுகளிலும் டேப்புக்கு அடியில் சணல் வைக்கப்பட்டுள்ளது, கேஸ் விடத் தகுதியில்லை என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தேதி போட்டுப் பிரதியைக் கிழித்து நீட்டினார்.

“கையெழுத்துப் போட மாட்டன்னு நான் சொல்லவே இல்லீங்க சார். இந்தாங்க, போட்டுட்டன்.”

அந்தத் தாளை வாங்கவும் முடியவில்லை, வாங்காமல் இருக்கவும் முடியவில்லை அவரால். எண் போட்ட அறிக்கை ஒன்று கோப்பில் ஏறிவிட்டால் அதை மீறி வேறு எந்தக் கான்ட்ராக்டர் வந்து அதே குழாய்க்குச் சான்றிதழ் கொடுப்பார்? கலைமணி கூப்பிட்ட இருவர் அதைக் கேட்டதுமே பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு கண்டிப்பான அதிகாரியின் கதை மாதிரி இருந்திருக்கும். அறிவுச்செல்விக்கு அன்றோடு முடியவில்லை. மறுநாள் காலையில் எழுந்ததும் நேரே அம்மாசி வீட்டுக்குப் போய், எப்போதிருந்து சணல் வைக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாசி சேலத்து விடுதியில் காதில் விழுந்ததை அப்போதுதான் சொன்னார். அறிவுச்செல்வி அறைக்கு வந்து கோப்பைப் புரட்டினார். விடுதி வேலைக்கும் எங்கள் லேஅவுட் வேலைக்கும் நடுவில் செய்து முடித்தவை பதினோரு வீடுகள். பதினொன்றிலும் கேஸ் எரிந்துகொண்டிருந்தது. பதினோரு சான்றிதழிலும் இருந்தது அவருடைய கையெழுத்து.

சோப்புத் தண்ணீர் பாட்டிலும் பிரஷும் எடுத்துக்கொண்டு, அம்மாசியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டியைக் கிளப்பினார். ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசிவு இருக்கும் இடத்தில் நுரை குமிழியிடும். முதல் ஐந்து வீட்டில் ஒன்றும் இல்லை. அம்மாசிக்குப் பேச்சு திரும்பியது. பார்த்தாயா என்று வழிநெடுக அவர் பேசிக்கொண்டு வந்ததைக் கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

ஆறாவது வீடு பொன்னாத்தாளுடையது. பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு முட்டை குடோன். கதவைத் திறந்ததும் ஊதுபத்தி வாசம் ஆளைத் தள்ளியது. அதற்குள்ளே இன்னொரு வாசமும் இருந்தது. குழாய் கேஸுக்கு இயற்கையில் வாசம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் மருந்து ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். உலகத்தில் மற்ற ஊர்களில் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும்.

“ஒரு மாசமா ஒரே நாத்தமுங்க சாமி. குடோன்காரனுங்க ஒடஞ்ச முட்டையக் கொண்டாந்து பின்னாடி கொட்டறானுங்க. போயிச் சண்டைகூடப் போட்டனுங்க. அதுலதான் சன்னல எல்லாஞ் சாத்திப்போட்டு ரெண்டு வேளையும் பத்தி பொருத்தி வெக்கறன்.”

அறிவுச்செல்வி ஓடிப்போய் ஊதுபத்தியை வாசலுக்கு எடுத்துவந்து மண்ணில் குத்தி அணைத்தார். சன்னல்களைத் திறந்தார். மின்விசிறி சுவிட்சில் கை வைக்கப் போன பொன்னாத்தாளை, தொட வேண்டாம் என்று சொல்லித் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தார். அம்மாசி மீட்டர் அருகே வால்வை மூடினார். வெகு நேரம் காத்திருந்து, வீடு காற்றாடியபின் உள்ளே போய், குழாயில் மிச்சம் இருந்த கேஸ் எங்கே வருகிறது என்று ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவினார்கள். அடுப்புக்குப் பின்னால் இருந்த ஜாயின்ட்டில் நுரை மெல்ல எழுந்து, உடைந்து, மறுபடி எழுந்தது. அம்மாசி தன் கையாலேயே அதைக் கழற்றினார். சணல் பொடியாக உள்ளங்கையில் உதிர்ந்தது. அதை அவர் வேட்டி முனையில் முடிந்துகொண்டார்.

பதினோரு வீட்டில் இரண்டு கசிந்தன. நான்கு நாளில் பதினொன்றையும் இருவருமே கழற்றிச் சரியாக மாற்றிவிட்டார்கள். யாருக்கும் தெரியாது. பொன்னாத்தாளே, குடோன்காரர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பழையபடி சமைக்கத் தொடங்கிவிட்டார். அம்மாசி கெஞ்சிப் பார்த்தார். சரியாகிவிட்டது, விட்டுவிடு என்றார். அறிவுச்செல்வி எரிவாயு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதினோரு வீட்டு முகவரி, பதினோரு சான்றிதழ் எண், இரண்டு கசிவு, எல்லாம் தேதியோடு. ‘நான் கையெழுத்திட்ட சான்றிதழ்கள் தவறானவை’ என்பது முதல் வரி.

விழா அன்று எங்கள் லேஅவுட்டில் நாற்பத்திரண்டு புது அடுப்பும் பொம்மை போல இருக்க, வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்த சிலிண்டர் அடுப்புகளில் பால் பொங்கியது. அடுப்புகள் பதினைந்துதான் கிடைத்ததால் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் வீட்டுப் பால் பொங்கும்போது முகூர்த்தம் முடிந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. அம்மா அழுதாள். பட்டப்பெயர் பிறந்தது அன்றைக்குத்தான். அந்தக் கடிதத்தைப் பற்றிய செய்தி இரண்டு நாளில் கலைமணியின் காதுக்கு எட்டியதும் குழுவில் கொண்டாட்டமே நடந்தது. தான் கையெழுத்துப் போட்ட குழாயே ஒழுகும்போது எங்கள் குழாயை மட்டும் இவர் எப்படிக் குறை சொல்லலாம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள்.

அந்தக் கடிதத்தில் இருந்த இரண்டு கசிவுகளைப் படித்த பகுதிப் பொறியாளர்தான், ஜாயின்ட்டுகளைக் கழற்றாமல் எங்கள் லேஅவுட்டுக்குக் கேஸ் கிடையாது என்று கடைசியில் எழுத்தில் கொடுத்தார். கழற்றியதும் அம்மாசிதான். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூட ஆறு பேரை வைத்துக்கொண்டு மூன்று வாரம் வேலை செய்தார். வேறொரு கான்ட்ராக்டர் வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்டார். ஏனென்றால் அதற்குள் அறிவுச்செல்வியை விசாரணைக்கு அழைத்துவிட்டார்கள்.

விசாரணை சேலம் அஸ்தம்பட்டியில், நிறுவனத்தின் அலுவலகத்தில் நடந்தது. அம்மாசியும் கூடப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்கள் இவரை ஒழித்துக்கட்ட நினைக்கவில்லை. ஒரு கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். ஃபிட்டர் தன்னிச்சையாகவும் மறைவாகவும் சணலைப் பயன்படுத்தினார், எனக்குத் தெரியாது, அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன் என்று இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். போர்டில் இருக்கும் எண் அப்படியே இருக்கும். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குப் பதிவை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். யோசிக்க ஐந்து நிமிடம் கொடுத்து வராந்தாவுக்கு அனுப்பினார்கள்.

வராந்தாவில் அம்மாசி தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தினார். உள்ளே இருந்த மூவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“எம்பேர எழுதிக் குடுத்துரு அம்மிணி. எனக்கு என்ன போர்டா இருக்குது, நம்பரா இருக்குது? ரிக்குக்குப் போனா சோறு போடுவானுங்க.”

“முட்டிய மடக்க முடியாதவரு ரிக்குல போயி என்னுங்கண்ணா பண்ணுவீங்க? சும்மா இருங்க.”

உள்ளே போய்த் தாளை மேசைமேல் வைத்தார். கையெழுத்து இல்லை. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

“சார், அம்மாசியண்ணன் சணல் வெச்சது நெசம். மறைச்சாருங்கறது பொய். கேட்ட ஒடனே சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. பத்து மாசமா நாந்தான் கேக்கல. ஜாயின்ட்டப் பாத்தேன்னு பதினோரு பாரத்துல டிக் அடிச்சது நானு. நான் பாத்தது கேஜ மட்டுந்தானுங்க. அதையே எழுதித் தாரன், வாங்கிக்கங்க.”

எழுதியும் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. குற்றவாளியாக வந்தவர் இரண்டு புகாரும் வைத்தார். ஒன்று, சோதனைப் பாரத்தில் கேஜ் அளவுக்குக் கட்டம் இருக்கிறது, மரையில் என்ன சுற்றியிருக்கிறது என்பதற்குக் கட்டமே இல்லை என்பது. இரண்டாவதை வாயாலேயே சொன்னார். வீடு வீடாகக் கொடுக்கும் நோட்டீசில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அச்சடித்திருக்கிறீர்களே, நாமக்கல்லில் அது எந்தத் தெருவில், எந்த நாளில் அடிக்காது என்று கேட்டார். மூவரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொருவர் அதைக் குறித்துக்கொண்டார். ஆனாலும் ஆறு மாதம் ஆறு மாதம்தான். உத்தரவை அங்கேயே கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதை மடித்துப் பையில் வைக்கும்போது, மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் வயதானவர், இந்த ஆறு மாதமும் என்ன செய்வீர்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டிருக்கிறார்.

“ரோடு வெட்டற பர்மிஷன் பத்து நிலுவையில கெடக்குதுங்க சார். அதுல நகராட்சிக்காரங்கதான் கையெழுத்துப் போடணும். நான் போயி நின்னாப் போதும்.”

நாமக்கல் பேருந்தில் அம்மாசி அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். பிழைக்கத் தெரியாதவள் என்றார். ராசிபுரம் வரை பேருந்தே அதைக் கேட்டது. அறிவுச்செல்வி சன்னலோரம் தூங்கிவிட்டார். நிறுத்தம் இருக்கும் வரை பதிவு எண்ணைப் பொதுவில் காட்டக்கூடாது என்று உத்தரவில் இருந்ததால், டயர்க்கடை மாடிக்கு ஏறியதும் ஒரு வெள்ளைத் தாளை வெட்டிப் போர்டில் எண்ணின்மேல் மட்டும் ஒட்டினார். பெயரை மறைக்கச் சொல்லவில்லையே என்று, அதை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு முன்பே நகராட்சி அலுவலக வாசலில், பத்து விண்ணப்பங்களையும் ஒரு கட்டாகப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றார்.